ஐந்தாவது தோட்டா

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். ஆர்டிஸின் கனம் மடியில் இல்லை, பிக்கப் வண்டியின் பக்கத்து இருக்கையில் இருந்தது. மாவுச்சாக்குத் துணியில் சுற்றி, ரொட்டி சுடும் தகரத் தட்டில் கிடத்தி, மேலே ஒரு பூப்போட்ட துணியும் போர்த்தியிருந்தாள். பார்ப்பவர்கள் யார் வீட்டுக்கோ பலகாரம் போகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். துக்கத்துக்கு ஊரார் பலகாரம் கொண்டுவந்த தட்டுகளைத் துக்க வீட்டுக்காரர்கள் திருப்பிக் கொடுக்கும் காலம்தானே அது.

துணிக்குள் இருந்தது அப்பா டோர்வால்ட் ஹாக்லண்டின் ரிவால்வர்.

அப்பாவை அடக்கம் செய்த அன்று, சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது தம்பி வெண்டல் அவள் பக்கத்தில் வந்து நின்றான். "நிலம், டிராக்டர், மாடு எல்லாத்தையும் நீயே வெச்சுக்கோ ஆர்டி. எனக்கு அப்பாவோட ரிவால்வர் மட்டும் போதும்" என்றான்.

ஆசையாய்க் கேட்டிருந்தால் அங்கேயே சரி என்றிருப்பாள். அவன் ஆசையாய்க் கேட்கவில்லை. மேசையைத் துடைத்துவிட்டு, துணியை எங்கே போடுவது என்று கேட்பவன் மாதிரி கேட்டான்.

அந்த வருஷம் அவன் கையில் எதுவுமே தங்கவில்லை. ஜூலையில் ஆலங்கட்டி மழை கோதுமையைத் தரையோடு அடித்துவிட்டுப் போனது. ஆகஸ்டில் மனைவி பெவ் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பில்லிங்ஸில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். செப்டம்பரில் அப்பா. இப்போது அக்டோபர். அமெரிக்காவில் மொன்டானாவின் வடக்கு ஓரத்தில் குளிர்காலம் இன்னும் வாசலில்தான் நின்றது. உள்ளே வந்துவிட்டால் ஆறு மாதத்துக்குத் தனி வீட்டில் தனி ஆளுக்குத் துணை காற்று மட்டும்தான்.

அதனால்தான் ஆர்டிஸ் அவனிடம் ஒரு பொய் சொன்னாள். "சொத்தப் பிரிக்கணும்னா ஒவ்வொண்ணுக்கும் விலை தெரியணுமாம், வக்கீல் கேக்கறாரு. ரிவால்வரக் கொண்டுபோய் ரூடிகிட்ட காட்டிட்டுத் தரேன்" என்று. போன வாரம் அப்பாவின் படுக்கையறை இழுப்பறையிலிருந்து அதை எடுத்துவந்துவிட்டாள். துப்பாக்கி பழுது பார்க்கும் ரூடி கெஸ்லர் நிதானமான ஆள். ஒரு கைக்கடிகாரத்தைக் கொடுத்தால்கூட மூன்று மாதம் வைத்துக்கொள்வார். பனி உருகும்வரை துப்பாக்கி அவர் பெட்டகத்தில் தூங்கட்டும். திட்டம் அவ்வளவுதான்.

காலையில் கணவன் டீன் முட்டையைப் புரட்டிக்கொண்டே கேட்டான். "இவ்வளவு சுத்துவானேன்? நேரா அவன்கிட்டயே கேட்டுடேன்."

"என்னன்னு கேக்கறது?"

டீன் அடுப்பை அணைத்தான். முட்டையைத் தட்டில் போட்டான். அந்த ஊரில் பிறந்த யாருக்கும் அந்தக் கேள்விக்கான வார்த்தைகள் கைவசம் இல்லை. மழையைப் பற்றிக் கேட்பார்கள், மாட்டைப் பற்றிக் கேட்பார்கள். மனசைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் இன்னொரு காபி ஊற்றுவார்கள்.

ரூடியின் கடை ஒரு காலத்தில் வெண்ணெய் ஆலையாக இருந்த கட்டடம். உள்ளே போனால் இன்றும் லேசாகப் புளித்த பால் வாசனை வரும். துப்பாக்கி எண்ணெய் வாசனை அதற்கு மேல். எழுபது வயது ரூடி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"தட்டுல என்னம்மா, ஆப்பிள் பலகாரமா?"

"அப்பாவோட ரிவால்வர்."

"பசி போச்சு போ" என்று சொல்லி, மேசைமேல் பச்சைக் கம்பளித் துணியை விரித்தார். மாவுச்சாக்கைப் பிரித்தவர் கை அப்படியே நின்றது. ரிவால்வரைத் தொடாமல் குனிந்து, உருளையின் முன்பக்கத்தைப் பார்த்தார். வட்டமாக இருக்கும் அறைகளில் ஈயத்தின் மூக்குகள் தெரிந்தன.

"ஆர்டிஸ், இதுல தோட்டா இருக்கு."

"இருக்கும். அஞ்சு. அப்பா எப்பவுமே அஞ்சுதான்."

"ரோட்டுல அத்தன குழிக்கும் தோட்டா போட்ட துப்பாக்கிய ரொட்டித் தட்டுல வெச்சுக் குலுக்கிட்டு வந்திருக்க."

"அடிக்கற சுத்தி காலி அறை மேலதானே இருக்கு. விழுந்தாலும் வெடிக்காது. அப்பா சொல்லிக் கொடுத்ததுதான்."

அவள் சொன்னதில் பாதி சரிதான். இந்தப் பழைய மாடலில் தடுப்பு என்று எதுவும் கிடையாது. பின்னால் இருக்கும் சுத்தி தோட்டாவின் முதுகில் நேராக மூக்கை வைத்துக்கொண்டிருக்கும். கீழே விழுந்து சுத்தியில் அடி பட்டால் போதும், யாரும் விசையைத் தொடாமலே வெடிக்கும். அதனால் ஆறு அறை இருந்தாலும் அந்தக் காலத்து ஆட்கள் ஐந்துதான் போடுவார்கள். ஒன்று போடு, ஒன்று விடு, மிச்சம் நாலையும் போடு. அந்த வரிசையில் போட்டுச் சுத்தியை ஏற்றி இறக்கினால் காலி அறை தானாகச் சுத்திக்கு அடியில் வந்து நிற்கும். ஹாக்லண்ட் வீட்டுப் பிள்ளைகள் இதை ஜெபத்தோடு சேர்த்துக் கற்றவர்கள்.

"வழக்கம் நல்ல வழக்கம்தான். அந்த வழக்கத்த நம்பி எத்தன பேர் எண்ணிப் பாக்காம விட்டாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார் ரூடி.

ரிவால்வரை எடுத்துக் குழலைச் செங்கல் சுவர்ப் பக்கம் திருப்பினார். சுத்தியைப் பாதி தூரம் இழுத்தார். டக், டக் என்று இரண்டு சத்தம். பாதியில் நின்றால்தான் உருளை கையால் சுற்ற இடம் கொடுக்கும். வலப்பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்தார். குழலுக்கு அடியில் இருக்கும் தள்ளுகோலைப் பின்னுக்கு அழுத்த, ஒரு தோட்டா நழுவி அவர் உள்ளங்கையில் விழுந்தது. பித்தளையில் பச்சை பூத்திருந்தது. உருளையை ஒரு கிளிக் சுற்றினார். இரண்டாவது. மூன்றாவது. நாலாவது.

அடுத்த அறையில் கோல் வெறுமனே போய் வந்தது. அதற்கடுத்ததிலும்.

நான்கு தோட்டாக்களையும் கம்பளியில் வரிசையாக நிற்க வைத்தார்.

"நாலுதான் இருக்கு" என்றாள் ஆர்டிஸ்.

"ம்ம்."

"அப்பா அஞ்சுதான் போடுவாரு, ரூடி."

"இரு. ஒவ்வொண்ணா வருவோம். சுத்தம் பண்ணினியா இத?"

"இல்ல. டீன் பாலிஷ் போட்டுத் தரேன்னாரு. நேரமில்லன்னு எடுத்துட்டு வந்துட்டேன்."

"நல்ல காரியம் பண்ணின. விலை கேக்க வர்றவங்க முந்தின நாள் உக்காந்து பளபளன்னு தேச்சுக் கொண்டுவந்து நிப்பாங்க. பாதி விலை அவங்க வீட்டுச் சாக்கடையில போயிருக்கும். இந்தப் பழுப்பு இருக்கு பாரு, இது அழுக்கு இல்ல. இதுதான் இதோட வயசு."

அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. துப்பாக்கி கையில் வந்தால் ரூடிக்கு வரும். ஆர்டிஸ் தலையாட்டினாள். கண் என்னவோ அந்த நான்கு பித்தளைக் குப்பிகளை விட்டு நகரவில்லை.

"முதல்ல எண் பாக்கணும். மூணு இடத்துல இருக்கும். இரும்புச் சட்டத்துக்கு அடியில ஒண்ணு, விசைய மூடற வளையத்துல ஒண்ணு, பிடிக்கு அடியில ஒண்ணு. மூணும் ஒண்ணா இருக்கணும். இல்லன்னா நாலு துப்பாக்கியக் கழட்டி ஒண்ணாக்கினதுன்னு அர்த்தம்." உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். "இங்க சரி. இங்கயும் சரி. ஆஹா. இங்கயும்."

அஞ்சாவது எங்கே?

"அடுத்தது இந்தத் திருகு. உருளைய மாட்டியிருக்கற ஊசிய முன்பக்கத்துலேர்ந்து ஒரு திருகு பிடிச்சிருக்கா? இது கரிமருந்து காலத்து இரும்புச் சட்டம். பின்னாடி வந்ததுல குறுக்க ஒரு பொத்தான் வெச்சுட்டாங்க. இதுல இப்போ கடையில விக்கற தோட்டா போட்டுச் சுடறது புத்திசாலித்தனம் இல்ல. இரும்பு அந்த அழுத்தத்துக்குச் செஞ்சது இல்ல."

அப்பா கோடை முழுவதும் ஹேவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த வீட்டுக்குப் போக வர இருந்தது ஒரே ஆள்தான். தினமும் போய்த் தீனி வைத்தவன்.

"இடப்பக்கம் யு.எஸ்.னு ரெண்டு எழுத்து. அரசாங்கம் வாங்கினது. மரப்பிடியில இங்க, சாய்ச்சுப் பாரு, ஒரு முத்திரை தெரியுதா? சோதிச்ச அதிகாரியோட பேரெழுத்து. தேஞ்சிருக்கு, ஆனா இருக்கு. இப்போ குழல்." அளவுகோலை வைத்தார். "ஏழரை அங்குலம். வெட்டல. ஆர்டிஸ், இந்த மாதிரி குதிரைப்படைத் துப்பாக்கிய எல்லாம் பின்னாடி பட்டறைக்கு வரவழைச்சு ரெண்டு அங்குலம் வெட்டிக் குட்டையாக்கிட்டாங்க. தப்பிச்சது கொஞ்சம்தான். உங்க தாத்தாவுக்கு இது எப்படிக் கிடைச்சது?"

"ஒரு பால் மாட்டக் குடுத்து வாங்கினாராம்."

"எவனோ ஒருத்தன் நல்ல மாட்ட ஓட்டிட்டுப் போனான். இன்னிக்கு இது ஆறாயிரம் டாலர் போகும். இதச் செஞ்ச கோல்ட் கம்பெனிக்கு இந்த எண்ண அனுப்பினா, எந்த வருஷம் எங்க போச்சுன்னு எழுதி அனுப்புவாங்க. அது வந்துடுச்சுன்னா இன்னும் மேல."

வேறொரு நாளாக இருந்தால் ஆறாயிரம் டாலர் என்ற சொல் அவளை நாற்காலியில் உட்கார வைத்திருக்கும்.

"ரூடி, அந்த ரெண்டு காலி அறையையும் பாருங்க."

அவர் முகத்திலிருந்த உற்சாகம் மெல்ல வடிந்தது. அவரும் அதைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. உருளையைக் கழற்றி, சின்ன டார்ச்சைப் பின்னால் பிடித்தார். பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினார்.

"நீயே பாரு. இது எப்பவும் காலியா இருந்த அறை."

உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல் தூசி படிந்திருந்தது. சட்டைப்பை நூல், இழுப்பறைத் தூசி, ஒரு சிலந்தி நூல்கூட. நாற்பது வருஷமாக எதுவும் நுழையாத அறை.

"இப்போ பக்கத்துல."

அடுத்த அறையின் வாயில் கறுப்பாக ஒரு வளையம். மை தொட்ட விரலால் உள்ளே சுற்றிவிட்டதுபோல. தூசி இல்லை, நூல் இல்லை. மூக்கருகே கொண்டுவந்தபோது காரமாக ஒரு வாசனை.

"எப்போ?" என்றாள்.

"கரி படிஞ்ச இடத்த அப்படியே விட்டா ஈரத்த இழுக்கும், துருப் புள்ளி வரும். இதுல இன்னும் வரல. வாசனையும் போகல. ஒரு மாசத்துக்குள்ளதான். உறுதியா அவ்வளவுதான் சொல்ல முடியும். சுட்டவன் வெடிச்ச தோட்டாவோட காலிக் குப்பிய எடுத்துப் போட்டுட்டு, சுத்தியப் பழையபடி காலி அறை மேல இறக்கி வெச்சிருக்கான். உங்க அப்பாகிட்ட கத்துக்கிட்டவன்."



ரூடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேண்டிய நேரத்துக்கு மேல் துடைத்தார். "மாடியில பெட்டகத்துல இப்போ ரெண்டு துப்பாக்கி இருக்கு. ஒண்ணு ஒரு பொண்டாட்டி கொண்டுவந்து குடுத்தது. இன்னொண்ண அதோட சொந்தக்காரனே கொண்டுவந்து, வசந்தம் வரைக்கும் நான் கேட்டாலும் தராதேன்னு சொல்லிட்டுப் போனான். நான் யாரையும் ஒண்ணும் கேக்கல. மூணாவதுக்கும் இடம் இருக்கு."

ஆர்டிஸுக்குக் கண் நிறைந்தது. "வெச்சுக்கோங்க" என்று சொல்ல வாயெடுத்தாள்.

கதவு மணி ஒலித்தது.

"சதித்திட்டமா?" என்றான் வெண்டல்.

நன்றாகச் சவரம் செய்திருந்தான். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. பெவ் போனதிலிருந்து அவனை இப்படி அவள் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்து ஏன் சந்தோஷம் வரவில்லை என்று அவளுக்கு விளங்கவில்லை.

"நான் இங்க இருக்கறது உனக்கு எப்படித் தெரியும்?"

"டீனுக்குப் பொய் சொல்ல வராது, அதான். போன்ல ரெண்டு தடவ இருமினாரு, நான் கண்டுபிடிச்சுட்டேன்." கம்பளி விரிப்பைப் பார்த்தான். "என்ன சொல்றாரு டாக்டர்? பொழைக்குமா?"

"ஆறாயிரம்" என்றார் ரூடி. "உங்க தாத்தா மாட்டுப் பேரத்துல கெட்டிக்காரர்."

வெண்டல் மெல்ல விசிலடித்தான். "பாதி உன்னுதுன்னா மூவாயிரம் நான் உனக்குத் தரணும் ஆர்டி. மாட்டுக்கறியா வாங்கிக்கறியா? ஃப்ரீசர்ல அரை மாடு கிடக்கு. வந்து எடுத்துட்டுப் போ, நெஜமாத்தான் சொல்றேன். எனக்கு அவ்வளவு வேண்டாம்."

"குளிர்காலம் முழுக்க நீ என்னத்தத் திம்ப?"

"உன் சமையல" என்று சிரித்தான். பிறகு ரூடியிடம் திரும்பி, "அப்போ எடுத்துட்டுப் போகலாமா?" என்றான்.

ரூடி இருமினார். "கம்பெனிக்கு எழுதிப் போடணும்ப்பா. பதில் வர மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் இங்கயே..."

"எண்ணத்தானே அனுப்பணும்? துப்பாக்கிய இல்லையே?"

பொய் சொல்ல ரூடிக்கும் வராது. அதிலும் துப்பாக்கி விஷயத்தில் அவர் வாயில் ஒரு பொய் நுழைந்தால் அது பல்லைப் பெயர்த்துக்கொண்டுதான் வெளியே வரும். "ஆமா, எண் போதும்தான்" என்றார் தரையைப் பார்த்து.

மூன்று மாதம் என்று அவள் கட்டிய மதில் ஒரு வரியில் சரிந்தது.

இனி ஒரே வழிதான். ஆர்டிஸ் கைப்பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டாள். "வெண்ட். அஞ்சு தோட்டா இருக்கணும். நாலுதான் இருக்கு. ஒரு மாசத்துக்குள்ள யாரோ சுட்டிருக்காங்க."

அவன் முகம் மாறவில்லை. ஒரு கணம் மட்டும் எங்கோ போய்விட்டு வந்ததுபோல் இருந்தது.

"நான்தான்" என்றான். "ஜூனிய."

"ஜூனியா?"

"அப்பாவோட குதிரைதான். உனக்குச் சொல்ல மனசு வரல. முன்னங்கால் ரெண்டும் போச்சு ஆர்டி. குளம்புக்குள்ள வீக்கம் வந்து படுத்துடுச்சு, எழுந்திருக்கவே இல்ல. அப்பாவுக்கு மூச்சு இழுத்துட்டிருந்த வாரம். அவரோட குதிரைக்கு அவரோட துப்பாக்கியே இருக்கட்டும்னு நெனச்சேன். ஒரே குண்டு. அப்புறம் டிராக்டர்ல கட்டி ஓடைப் பள்ளத்துக்கு இழுத்துட்டுப் போனேன்."

ரூடி தலையை மெதுவாக ஆட்டினார். "முறையான காரியம்தான்."

ஆர்டிஸின் உடம்பிலிருந்து ஏதோ ஒன்று கழன்று விழுந்தது. மேசையில் சாய்ந்துகொண்டாள். குதிரை. தம்பி தனியாக நின்று அப்பாவின் குதிரைக்கு விடை கொடுத்திருக்கிறான். அவள் என்னடாவென்றால் பலகாரத் தட்டில் துப்பாக்கியை ஒளித்துக்கொண்டு ஊரெல்லாம் அவனைச் சந்தேகப்பட்டு அலைந்திருக்கிறாள். முகம் சுட்டது.

"சொல்லியிருக்கலாமேடா."

"நீ அழுவ. இப்போ அழற மாதிரி."

"போடா."

ரூடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிவு அவளுடையது என்று அந்தப் பார்வை சொன்னது. வேண்டாம் என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும், கிழவர் அந்தப் பெட்டகத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

"குடுத்துடுங்க, ரூடி" என்றாள்.

அவர் உருளையை மாட்டி, ஊசியைச் செருகி, திருகை இறுக்கினார். வழக்கத்தைவிட மெதுவாகச் செய்தார். தோட்டாக்களை மட்டும் தன் பக்கம் நகர்த்தினார். "இதெல்லாம் பச்சை பிடிச்சுப் போச்சு. இது என்கிட்ட இருக்கட்டும்."

"வெச்சுக்கோங்க" என்றான் வெண்டல் சுலபமாக. மாவுச்சாக்கில் சுற்றிய ரிவால்வரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். போகும்போது அக்காவின் தலையில் கையை வைத்து, சின்ன வயதில் செய்வதுபோல முடியைக் கலைத்துவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்த வழியே திரும்பியிருக்கலாம். ஆர்டிஸ் வடக்குச் சாலையில் திரும்பினாள். ஜூனி மேல் ஏறித்தான் அவளுடைய மகள் முதன்முதலில் சவாரி கற்றாள். ஓடைப் பள்ளத்தருகே ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. மனசு லேசாக இருந்தது. வானொலியைக்கூடப் போட்டாள்.

அறுத்த கோதுமைத் தாள்களின் மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அப்பாவின் மேய்ச்சல் நிலத்து முள்கம்பி வேலி தொடங்கும் இடத்தில் வேகத்தைக் குறைத்தாள்.

வேலியோரத்தில் ஒரு குதிரை நின்றது.

பக்கத்து நிலத்துக்காரனின் குதிரையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வண்டியின் சத்தம் கேட்டதும் அது தலையைத் தூக்கிற்று. பிறகு வேலியை ஒட்டியே நடந்து வந்தது. நொண்டவில்லை. நான்கு கால்களையும் நிதானமாக எடுத்து வைத்து வந்தது. நெற்றியில் வெள்ளைத் திட்டு. என்றோ ஒரு வருஷத்துப் பனியில் கருகி உதிர்ந்துபோன இடக்காதின் நுனி.

ஆர்டிஸ் வண்டியை நிறுத்தினாள். வானொலியை அணைத்தாள்.

ஜூனி கம்பிக்கு மேலாகக் கழுத்தை நீட்டி, தீவனம் எங்கே என்பதுபோல அவளைப் பார்த்தது. மூக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

ஒரு மாதத்துக்குள் ஒரு தோட்டா வெடித்திருக்கிறது. குதிரையை நோக்கி இல்லை. அப்படியானால் எதை நோக்கி? யாரை நோக்கி? அந்தக் கேள்வியை அவள் முடிக்கவில்லை. முடிக்காமலே பதில் வந்து நின்றது. துப்பாக்கியை அவனிடம் கொடுக்கச் சொன்னது யார்? ரூடி இல்லை. தோட்டாவை அவன் ஏன் கேட்கவில்லை? ஊரில் மீன் தூண்டில் விற்கிற அலமாரிக்குப் பக்கத்து அலமாரியிலேயே அது கிடைக்கும்.

வண்டியைத் திருப்பியது அவளுக்கு நினைவில்லை. சரளைக் கற்கள் அடியில் அடித்துத் தெறித்தன. வெண்டலின் வீடு அடுத்த மேட்டுக்குப் பின்னால். மேடேறியதும் கூரை தெரிந்தது. எந்த ஜன்னலிலும் விளக்கு இல்லை. அவனுடைய வண்டி மட்டும் முற்றத்தில் நின்றது, கதவு திறந்தபடி.

அவள் ஹாரனில் கையை வைத்து அழுத்தினாள். எடுக்கவில்லை. வருவது யார் என்று தெரியாவிட்டாலும் போகிறது, யாரோ வருகிறார்கள் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அந்தச் சத்தம் வெறும் வயல்களின் மேல் நீண்டு போயிற்று. காகங்கள் எழும்பின. "இரு, இரு, இருடா" என்று அவள் ஹாரனுக்கு மேல் சொல்லிக்கொண்டே வந்தாள். முற்றத்தில் வண்டி சறுக்கி நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை.

வாசல் விளக்கு எரிந்தது.

கதவைத் திறந்துகொண்டு வெண்டல் படியில் வந்து நின்றான். இஸ்திரி போட்ட சட்டை அப்படியே இருந்தது. இரண்டு கைகளும் காலியாக இருந்தன.

அவள் ஹாரனிலிருந்து கையை எடுத்தாள். திடீரென்று வந்த அமைதியில் இஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. அவள் இறங்கினாள்.

"ஜூனியப் பாத்துட்ட, இல்ல?" என்றான் அவன்.

"பாத்தேன்."

"அந்தப் பக்கம் வரமாட்டேன்னு நெனச்சேன்."

கடையில் சிரித்த முகம் இல்லை இது. அப்பாவின் சவப்பெட்டிக்கு முன்னால் நின்ற முகமும் இல்லை. ஆறு வயதில் ஜன்னலை உடைத்துவிட்டு அவள் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்தவனின் முகம்.

காலையில் டீனிடம் இல்லாத வார்த்தைகள் இப்போது அவளிடம் இருந்தன. அவை பெரிய வார்த்தைகள்கூட இல்லை. "வெண்ட்" என்றாள். "உன்ன நீயே சுட்டுக்கப் பாத்தியாடா?"

காற்று திறந்திருந்த வண்டிக் கதவை ஆட்டிப் பார்த்தது.

"உள்ள வா" என்றான் கடைசியில். அவன் குரல் கிழிந்திருந்தது. "அந்தக் குண்டு எந்தச் சுவத்துல போச்சுன்னு காட்டறேன். இத்தன நாளா அந்த ஓட்டையப் பாத்துக்கிட்டேதான் சாப்பிடறேன், ஆர்டி. தனியாப் பாக்க முடியல."

ரிவால்வர் எங்கே என்று அவள் கேட்கவில்லை. முதலில் அவன் கையைப் பிடித்தாள். பனிக்கட்டியாக இருந்தது. பிடித்த கையை விடாமல், அவனை முன்னால் போகவும் விடாமல், பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இருட்டான சமையலறைக்குள் காலெடுத்து வைத்தாள்.